புஷ் பாலட்கள்: குதிரைச் சவாரிக்கு அப்பால் ஒரு முறையீட்டு மரபு

ஆஸ்திரேலியாவின் பத்து டாலர் தாளில் கவிஞர் ‘பாஞ்சோ’ பேட்டர்சனின் முகம் இருக்கிறது. அவர் 1890-இல் எழுதிய ‘ஸ்னோயி ரிவர்க்காரன்’ என்ற கதைப்பாடலின் வரிகளும் அதே தாளில், வெறுங்கண்ணால் வாசிக்க முடியாத நுண்ணெழுத்தில் அச்சாகியுள்ளன. 2000-இல் நடந்த சிட்னி ஒலிம்பிக்கின் தொடக்க விழா, அந்தப் பாடலின் உலகிலிருந்து இறங்கி வந்தவர்களைப் போன்ற குதிரைவீரர்களின் அணிவகுப்போடுதான் ஆரம்பித்தது. பணத்திலும் விழாவிலும் இவ்வளவு உறுதியாக இடம்பிடித்த இந்தக் கவிதை வகை, ‘புஷ்’ எனப்படும் உள்நாட்டைப் பாடும் ‘பாலட்’ என்ற கதைப்பாடல், அந்நாட்டின் கவிதை மரபைப் பற்றிய தீவிரமான பேச்சில் மட்டும் தயக்கத்தோடுதான் சேர்த்துக்கொள்ளப்படுகிறது. ஓசை நன்றாக இருக்கிறது, ஆனால் இது செய்யுள்தானே தவிரக் கவிதை அல்ல என்ற தீர்ப்பு இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி முழுவதும் திறனாய்வாளர்களிடம் செல்வாக்கோடு இருந்தது. கொண்டாடுபவர்கள், ஒதுக்குபவர்கள் ஆகிய இரு தரப்பினருமே புஷ் பாலட் என்றால் குதிரைச் சவாரிப் பாட்டு என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள் என்பது என் குறை. அந்த வகைக்குள்ளேயே ஓடும் வேறொரு வரிசையை, அநீதிக்கு எதிரான முறையீட்டின் வரிசையை, தேசியக் கவிதை மரபின் நடுவில் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நகரங்களுக்கு அப்பாலுள்ள மேய்ச்சல் நிலங்களையும் புதர்க்காடுகளையும் வறண்ட உள்நாட்டையும் களமாகக் கொண்டு, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து நாட்டுப்புறப் பாடல்களின் மெட்டுகளையும் கதைசொல்லும் முறையையும் எடுத்துக்கொண்டு எழுந்தவை இப்பாடல்கள். வழக்கமான வரலாறு இவற்றின் தந்தையாக ஆடம் லிண்ட்சே கார்டனைக் காட்டும். அவர் சிறந்த குதிரையோட்டி. 1870-இல் தம் பாலட் தொகுப்பு வெளியான மறுநாள் தற்கொலை செய்துகொண்டவர். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கவிஞர் மூலையில் 1934-இல் அவருடைய மார்பளவுச் சிலை வைக்கப்பட்டது. ஆனால் கார்டனின் நூலுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, ஐரிஷ் கைதியான பிரான்சிஸ் மக்னமாரா பாடிக்கொண்டிருந்தார். 1832-இல் நாடுகடத்தப்பட்டு வந்து, சவுக்கடியும் சங்கிலியும் பட்ட அவரைக் கவிஞர் ஃபிராங்க் என்றே மற்றவர்கள் அழைத்தார்கள். ஆடு மேய்க்கும் கைதியாக இருந்தபோது, 1839-இல், கைதி ஒருவன் நரகத்தைச் சுற்றிப் பார்க்கும் நீண்ட பாடல் ஒன்றை அவர் இயற்றினார். அந்த நரகத்தில் ஆளுநர்களும் சிறைத் தளபதிகளும் மேற்பார்வையாளர்களும் எரிகிறார்கள். கைதிகளுக்கோ அங்கே இடமே இல்லை, அவர்களுக்குச் சொர்க்கத்தின் கதவு திறந்திருக்கிறது. அச்சாகாமல் வாய்வழியாகவும் கையெழுத்துப் படிகளாகவும் பரவிய பாட்டு அது. மோர்ட்டன் பே சிறைக் குடியேற்றத்தின் கொடுமையைப் பாடும் இன்னொரு பாடலும் அவருடையது என்று பலர் கருதுகிறார்கள். அந்தப் பாடலின் சொற்கள், தலைமறைவுக் கொள்ளையன் நெட் கெல்லி 1879-இல் எழுதுவித்த ஜெரில்டெரி கடிதத்தில் எதிரொலிக்கின்றன. ஒரு பாட்டு அச்சு இயந்திரத்தின் உதவியில்லாமல் நாற்பது ஆண்டுகளுக்குமேல் மக்கள் நாவில் வாழ்ந்து, சட்டத்தால் தேடப்பட்ட ஒருவனின் உரைநடைக்குள் நுழைகிறது என்றால், கவிதை மரபு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

1880-இல் சிட்னியில் தொடங்கப்பட்ட ‘புல்லட்டின்’ வார இதழ்தான் இந்த வகையை நாடறியச் செய்தது. வழக்கறிஞராகச் சிட்னியில் வேலை பார்த்த பேட்டர்சனும், தங்கச் சுரங்கப் பகுதியில் ஏழ்மையில் பிறந்து இளவயதிலேயே செவித்திறனைப் பெரும்பாலும் இழந்த ஹென்றி லாசனும் அதில் எழுதினார்கள். 1892-இல் இருவரும் அந்த இதழிலேயே கவிதைகளால் மோதிக்கொண்டார்கள். உள்நாடு என்பது வெயிலும் புழுதியும் பட்டினியும்தான், அதை அழகாகப் பாடுகிறவர்கள் நகரத்தில் குளிர்ச்சியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார் லாசன். வறட்சிக் காலத்தில் போய்விட்டு வந்து பழி சொல்லாதே, மழைக்குப் பின் போய்ப் பார் என்றார் பேட்டர்சன். வரிக்கு இவ்வளவு என்று கூலி கிடைத்ததால் இருவரும் பேசிவைத்துக்கொண்டே சண்டை போட்டதாகப் பேட்டர்சன் பிற்காலத்தில் எழுதினார். அப்படியே இருக்கட்டும், வாதத்தின் கனம் அதனால் குறைந்துவிடவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் புல்லட்டின் ஆசிரியர் ஆர்ச்சிபால்டு, லாசனுக்கு ஐந்து பவுண்டும் வறண்ட உள்நாட்டிலுள்ள பர்க் நகரத்துக்கு ரயில் சீட்டும் கொடுத்து அனுப்பினார். அங்கிருந்து குயின்ஸ்லாந்து எல்லையிலுள்ள ஹங்கர்ஃபோர்டு வரை கோடை வெயிலில் மூட்டை சுமந்து நடந்து திரும்பிய லாசன், அதற்குப் பிறகு உள்நாட்டைப் பற்றி எழுதிய எதிலும் இனிப்பு இல்லை.

பேட்டர்சனின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீண்ட வரியும் குறுகிய வரியும் மாறி மாறி வரும்போது, நீண்ட வரி ஓட்டத்தைத் தளர்த்திவிட, குறுகிய வரி கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது. ‘ஸ்னோயி ரிவர்க்காரன்’ பாடலில் செங்குத்தான மலைச்சரிவில் இளைஞன் குதிரையை இறக்கும் இடத்தில், அந்த யாப்பைத் தவிர வேறெதுவும் வேலை செய்திருக்காது. ஆனால் திறமை அங்கே மட்டும் இருந்ததாகச் சொல்வது அநியாயம். நிலஅளவையாளராகவும் மந்தை ஓட்டுபவராகவும் வேலை செய்த பார்கிராஃப்ட் போக், 1892-இல் தம் 26-ஆம் வயதில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் வெளியிட்ட கவிதை ஒன்றில், தாகத்தால் செத்துப் பாலைவெளியில் கிடக்கும் தொழிலாளர்களைப் பாடுகிறார். கவிதையின் முடிவு பாலைவெளியில் இல்லை. அது நகரத்துக் கிளப்பில் மது அருந்திக்கொண்டிருக்கும் முதலாளியிடம் போய் நிற்கிறது. அவன் பார்த்து மகிழும் தங்கக் கடிகாரச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் செத்தவர்களின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது, அவனுக்குத்தான் அது தெரியவில்லை. இந்தப் படிமத்தை எழுதியவனைச் செய்யுள் கட்டுபவன் என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் எதைத்தான் கவிதை என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று கேட்க விரும்புகிறேன்.

1891-இல் குயின்ஸ்லாந்தில் ஆட்டுக் கம்பளி கத்தரிக்கும் தொழிலாளர்களின் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அதை ஆதரித்து லாசன் எழுதிய பாடலை, அவ்வாண்டு ஜூலையில் குயின்ஸ்லாந்து மேலவையில் ஓர் உறுப்பினர் ராஜதுரோகத்துக்கு எடுத்துக்காட்டாக வாசித்துக் காட்டினார். ஒரு சட்டமன்றம் அஞ்சிய கவிதை அது. ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற பாட்டான ‘வால்ட்சிங் மட்டில்டா’வும் இதே மண்ணில் விளைந்ததுதான். அடுத்த வேலைநிறுத்தத்தின்போது, 1894-இல், குயின்ஸ்லாந்தின் டாக்வொர்த் பண்ணையில் கம்பளிக் கொட்டகை எரிக்கப்பட்டது. அதையொட்டி ஹாஃப்மைஸ்டர் என்ற தொழிலாளி சுடப்பட்ட காயத்தோடு இறந்து கிடந்தார். மறு ஆண்டு அதே பண்ணையில் தங்கியிருந்த பேட்டர்சன், பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா மக்ஃபர்சன் வாசித்த மெட்டுக்கு அந்தப் பாட்டை எழுதினார். ஓர் ஆட்டைத் திருடிய ஏழை நாடோடி, பண்ணை முதலாளியும் மூன்று போலீஸ்காரர்களும் சேர்ந்து வரும்போது பிடிபட மறுத்துக் குட்டையில் குதித்துச் சாகிறான். அந்தச் சம்பவங்களின் நிழல் பாட்டில் விழுந்திருக்கிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், நானும் அப்படியே வாசிக்கிறேன். 1903-இல் சொற்கள் சற்று மாற்றப்பட்டு அது தேயிலை விளம்பரப் பாட்டானது. 1977-இல் தேசியப் பாடலைத் தேர்ந்தெடுக்க நடந்த வாக்கெடுப்பில் சுமார் 28 விழுக்காட்டினர் அதற்கு வாக்களித்தார்கள். இன்று விளையாட்டரங்குகளில் உற்சாகமாகப் பாடப்படுகிறது. உழைப்பாளியின் சாவைப் பாடிய ஒரு பாடலிலிருந்து சாவை மட்டும் உருவி எடுத்துவிட்டுத் தேசம் அதை மடியில் வைத்துக் கொஞ்சுகிறது. கொண்டாட்டம் செய்த சேதம் இதுதான்.

இந்த வகையின் மீதான மிகக் கடுமையான குற்றச்சாட்டை மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும். மந்தைகளை ஓட்டியவர்களில் பலர் பழங்குடி மக்கள், பாடப்பட்ட நிலமெல்லாம் அவர்களிடமிருந்து வன்முறையால் பறிக்கப்பட்டது. அப்படியிருந்தும் இப்பாடல்களில் அவர்கள் ஏறக்குறைய இல்லை, வரும் இடங்களிலும் இழிவாகவே வருகிறார்கள். 1908-இல் புல்லட்டின் இதழ் ‘வெள்ளையனுக்கே ஆஸ்திரேலியா’ என்ற முழக்கத்தை முகப்பில் ஏற்றி, 1960 வரை வைத்திருந்தது. லாசனிடமும் சீனர்கள்மீதான வெறுப்பு வெளிப்படையாக இருந்தது. முதலாளிக்கு எதிராக நீதி கேட்டவர்கள், தங்கள் காலடி நிலத்தின் நீதியைக் கேட்கவில்லை. மேய்ச்சல் நிலக்காரர்களின் குடும்பத்தில் பிறந்த கவிஞர் ஜூடித் ரைட், நியூ இங்கிலாந்து மலைச்சரிவில் பழங்குடி மக்கள் பாறை விளிம்பிலிருந்து துரத்தித் தள்ளப்பட்ட கதையைக் கவிதையாக்க 1940-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்காகப் பாலட்களைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த மௌனத்தோடு சேர்த்து அவற்றை வாசித்தால்தான், அடுத்து வந்தவர்கள் அந்த வடிவத்தை எடுத்து என்ன செய்தார்கள் என்பது புரியும்.

பழங்குடிக் கவிஞர் ஊட்ஜெரூ நூனுக்கல், கேத் வாக்கர் என்ற பெயரில் 1964-இல் தம் முதல் தொகுப்பை வெளியிட்டார். பழங்குடியினர் ஒருவரின் முதல் ஆங்கிலக் கவிதை நூல் அது. அதிலிருந்த எதுகை மிகுந்த உரிமைக் கவிதைகளைப் பிரச்சாரம் என்று சில விமர்சகர்கள் தள்ளினார்கள். லாசன்மீது வைக்கப்பட்ட அதே குற்றச்சாட்டு, அதே காரணத்துக்காக. மேடையில் நின்று கூட்டத்துக்குச் சொல்வதற்காக எழுதப்பட்ட கவிதையைத் தனியறையில் மௌனமாக வாசிக்கும் அளவுகோலால் அளந்தால், கிடைப்பது தவறான அளவாகத்தான் இருக்கும். 1966 ஆகஸ்டில் வேவ் ஹில் மாட்டுப் பண்ணையிலிருந்து பழங்குடியினரான குரிஞ்சி மக்கள் வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் வெளியேறினார்கள். கூலி கேட்டுத் தொடங்கியதாகத் தோன்றிய அந்தப் போராட்டம் நிலத்தைத் திருப்பிக் கேட்டது. 1975-இல் பிரதமர் விட்லம் லிங்கியாரியின் கையில் ஒரு பிடி மண்ணை வைத்தார். இந்தக் கதையைப் பாடகர்கள் பால் கெல்லியும் கெவ் கார்மடியும் சேர்ந்து பாட்டாக்கினார்கள். கெல்லி அதை 1991-இல் பதிவு செய்தார். கார்மடி பழங்குடி வழியும் ஐரிஷ் வழியும் கலந்த, மந்தை ஓட்டிப் பிழைத்த குடும்பத்தின் மகன். முதலாளி, கூலி, மறுப்பு, மீண்டும் வரும் பல்லவி, எளிய மெட்டில் சொல்லப்படும் கதை என்று எல்லா உறுப்புகளும் பாலட்டின் உறுப்புகளே. இதுவரை பேசாதிருந்தவர்களின் வாயிலிருந்து இப்போது அவை வருகின்றன.

ஆகவே கவிதைத் தொகுப்பாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கார்டனிலிருந்து பேட்டர்சன் வழியாகச் செல்லும் பாதையை மட்டும் ‘பாலட் காலம்’ என்று ஒரு பகுதிக்குள் அடைத்து மூடாதீர்கள். மக்னமாரா, போக், லாசன், ஊட்ஜெரூ, கார்மடி ஆகியோரைத் தொடர்ந்து வாசிக்கும்படி வையுங்கள். கவிஞர் லெஸ் முர்ரே 1986-இல் தொகுத்த ஆக்ஸ்ஃபோர்டு ஆஸ்திரேலியக் கவிதை நூலில் பழங்குடிப் பாடல்களின் மொழிபெயர்ப்புகளைக் குடியேறிகளின் கவிதைகளோடு ஒரே வரிசையில் சேர்த்தார். அந்த வழியில் இன்னும் துணிந்து போகலாம். பள்ளிக்கூடங்களிலும், மலைச்சரிவுச் சவாரியை மனப்பாடம் செய்யும் அதே வகுப்பில், கடிகாரச் சங்கிலியைப் பற்றிய போக்கின் கவிதையையும் பிள்ளைகள் உரக்கப் படிக்கட்டும்.