கோட்டைக்கு 25 நிமிடம், கம்பளிக் கடைக்கு 55

ஐம்பத்தைந்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். 4:40-க்கு உள்ளே போனோம், 5:35-க்கு வெளியே வந்தோம். பெருவில், குஸ்கோவில், கிட்டத்தட்ட 3,400 மீட்டர் உயரத்தில் ஒரு மலை நகரத்தில், எத்தனையோ வருடம் ஆசைப்பட்டு மூன்று விமானம் மாறி வந்து, ஒரு நல்ல சாயங்காலத்தின் கடைசி வெயிலை ஒரு கம்பளிக் கடையின் டியூப்லைட்டுக்குக் கீழே கழித்துவிட்டு வந்திருக்கிறோம். ராத்திரி பத்து மணி ஆகிறது, எனக்கு இன்னும் கொதிப்பு அடங்கவில்லை.

வேன் டூர் போன யாருக்கும் அந்தக் கடையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் கடை நமக்கு முன்னால் போய்க் காத்திருக்கும். டூர் அட்டையில் அதன் பெயர் இருக்காது. "பத்து நிமிடம்தான், வாங்கியே ஆக வேண்டும் என்று இல்லை, பாத்ரூம் வசதி இருக்கிறது" என்பார்கள். மூன்று மணி நேரமாக ஒரு கழிப்பறை கண்ணில் பட்டிருக்காது, அதனால் எல்லோரும் இறங்கிவிடுவோம். இறங்கியதும் டிரைவர் வேனைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விடுவார். வெளியே குளிர். உள்ளே போவதைத் தவிர வேறு வழி கிடையாது.

அதற்கு முன்னால் சக்சாய்வாமன் என்கிற பழைய இன்காக் கோட்டையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கேதான் வயிறு எரிய ஆரம்பித்தது.

அந்தச் சுவர்களுக்காகத்தான் அக்கா இவ்வளவு தூரம் வந்தாள். குஸ்கோவுக்கு மேலே, குன்றின் மீது, பற்கள் போல முன்னும் பின்னுமாக மடங்கி மடங்கிப் போகும் மூன்று அடுக்குச் சுவர். பெரிய கற்கள் நூறு டன்னுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். சுண்ணாம்பு, சாந்து எதுவும் கிடையாது. ஒவ்வொரு கல்லும் முகம் உப்பிய தலையணை மாதிரி பக்கத்துக் கல்லோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. ஸ்பானியர்கள் நகரத்தைப் பிடித்த பிறகு மேலே இருந்த கோபுரங்களை இடித்து, தூக்க முடிந்த கற்களையெல்லாம் கீழே கொண்டுபோய்க் கதீட்ரலும் மாளிகைகளும் கட்டிக்கொண்டார்கள். தூக்க முடியாத கற்கள்தான் இன்று நமக்கு மிச்சம். அதைப் பார்க்கத்தான் உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து வருகிறோம்.

எங்களுக்கு அங்கே கிடைத்தது 25 நிமிடம். இறங்கும்போதே வழிகாட்டி சொல்லிவிட்டார், "இருட்டிவிடும், இன்னும் மூன்று இடம் இருக்கிறது, சீக்கிரம்." அப்போது மணி 2:40. இருட்டிவிடுமாம்! அந்த 25 நிமிடத்தில் பதினைந்து நிமிடம் புல்வெளி நடுவில் எங்களை வட்டமாக நிற்க வைத்துப் பேசினார். நகரம் பூமா என்கிற மலைச் சிங்கத்தின் உடல், இந்த இடம் அதன் தலை, இந்தச் சுவர்கள் அதன் பல். இதை முதலில் ஸ்பானிஷில் சொன்னார். அப்புறம் அதையே ஆங்கிலத்தில் சொன்னார். நாங்கள் பதினான்கு பேர், பாதிப் பேருக்கு ஒரு மொழி, மீதிக்கு இன்னொன்று. ஆக எதைச் சொன்னாலும் இரண்டு முறை. சுவரைப் பார்க்க வந்தவர்கள் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்து நின்றோம்.

1536-ல் இன்கா அரசர் மாங்கோ இன்காவின் படை நகரத்தை முற்றுகையிட்டு, இதே இடத்தில் ஸ்பானியர்களோடு மோதியது. பெருவைப் பிடித்த ஸ்பானியத் தளபதி பிசாரோவின் தம்பி ஹுவான் பிசாரோ இந்தச் சண்டையில்தான் அடிபட்டுச் செத்தார். தங்கள் நகரத்தைத் திரும்பப் பிடிக்க இன்காக்கள் உயிரைக் கொடுத்த இடத்தில் நிற்கிறோம். அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பூமா, பூமா, பூமா.

கடைசியில், "பத்து நிமிடம் ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அக்காவுக்கு வயது 58. அந்த உயரத்தில் பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது, இளம் பிள்ளைகளுக்கே தலை வலிக்கிறது. அவள் நின்று நின்று, மூச்சை இழுத்து இழுத்து, அந்தப் பெரிய மூலைக் கல்லை நோக்கிப் போனாள். இன்னும் பத்தடிதான் இருந்திருக்கும். பின்னாலிருந்து கையைத் தட்டுகிற சத்தம். "வேனுக்கு, வேனுக்கு!"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். "சரி, வா போகலாம்" என்றாள். அவளுக்கு யாரையும் காத்திருக்க வைக்கப் பிடிக்காது. மேல் தளத்துக்கு ஏறவே இல்லை. அங்கே பழைய வட்டக் கோபுரத்தின் அடித்தளம் இருக்கிறது, வளையத்துக்குள் வளையமாக. அந்த உயரத்திலிருந்து மொத்த குஸ்கோவும் தெரியும், சிவப்பு ஓட்டுக் கூரைகளும் நடுவில் சதுக்கமும். அதையெல்லாம் நாங்கள் பார்க்கவில்லை.

அடுத்த இடம் கென்கோ, பதினைந்து நிமிடம். ஒரே பாறையைக் குடைந்து பலிமேடை செதுக்கியிருக்கிறார்கள், அந்தக் குகைக்குள் கல் தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கிறது. தம்போமச்சாய்க்கு நடந்து போய்த் திரும்பவே அரை மணி. எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னால் கட்டிய கல் வாயிலிருந்து தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது, அதன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்க இரண்டு நிமிடம் இல்லை. புகா புகாரா பத்து நிமிடம். சரி, இருட்டப் போகிறது என்று நாங்களும் நம்பினோம்.

4:40-க்குக் கடை வாசலில் வேன் நின்றது. வெயில் பளிச்சென்று இருந்தது.

உள்ளே போனதும் சின்னக் கோப்பையில் கோகா இலைத் தேநீர். அதற்கு ஐந்து நிமிடம். அப்புறம் ஒரு மனிதர் கதவைச் சாத்திவிட்டுப் பேச ஆரம்பித்தார். மேசையில் இரண்டு ஸ்வெட்டர். ஒன்று அல்பாக்கா என்கிற மலை விலங்கின் அசல் ரோமம், ஒன்று செயற்கை நூல். "தொட்டுப் பாருங்கள். அசல் என்றால் தொட்டதும் குளிர்ச்சியாக இருக்கும்." பதினான்கு பேரும் தொட வேண்டும். வரிசையாக வந்து தொட்டோம். யார் தொட்டாலும் "குளிர்ச்சியாக இருக்கிறதா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லும்வரை விடவில்லை. முதலில் ஸ்பானிஷ், அப்புறம் ஆங்கிலம்.

அடுத்து நூலைக் கொளுத்திக் காட்டினார். செயற்கை நூல் உருகிக் கட்டியாகிறது, அசல் நூல் முடி கருகுகிற வாசனை தருகிறது. எல்லோரும் முகர்ந்து பார்க்க வேண்டும். மறுபடி வரிசை. மறுபடி இரண்டு மொழி.

அடுத்தது பேபி அல்பாக்கா. பேபி என்றால் குட்டியிடம் எடுத்த ரோமம் இல்லை, ரோமத்தின் மென்மைக்கு வைத்திருக்கும் தரப் பெயர். வளர்ந்த மிருகத்திடமிருந்தும் அந்த ரகம் வரும். இதை விளக்கியது ஒன்றுதான் அந்தக் கடையில் எனக்கு நிஜமாகவே உபயோகப்பட்ட தகவல். ஆனால் அதே மூச்சில், நகரத்தில் தெருவோரம் விற்கிறவர்கள் எல்லோரும் பொய்யர்கள், அங்கே வாங்காதீர்கள் என்றார். சதுக்கத்து ஓரத்தில் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு குளிரில் குல்லாய் விற்கிற பெண்களை, கதவைச் சாத்திய அறைக்குள் உட்கார்ந்துகொண்டு பொய்யர் என்கிறார். அங்கேயே எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லையே என்று இப்போது என் மேலேயே கோபம் வருகிறது.

அப்புறம் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு விகுன்யா சால்வை. விகுன்யா காட்டு விலங்கு, பெருவின் அரசுச் சின்னத்தில் இருக்கிறது. ஊர் மக்கள் கைகோத்து வேலி மாதிரி வளைத்து, ரோமத்தைக் கத்தரித்துவிட்டுத் திரும்ப மலைக்கே விட்டுவிடுவார்கள். சக்கு என்று பெயர், இன்கா காலத்திலிருந்து வரும் வழக்கம். எவ்வளவு அழகான விஷயம்! அதை அரை வாக்கியத்தில் முடித்துவிட்டு விலைக்கு வந்துவிட்டார். விலையை டாலரில் சொன்னார். இன்றைக்கு மட்டும் தள்ளுபடி என்றார்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். மூலையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவை நடத்திய விதம்தான் எனக்குத் தாங்கவில்லை.

இடுப்பில் பட்டையைக் கட்டி, பாவின் மறுமுனையை ஒரு கம்பத்தில் மாட்டி, தரையில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். முன்னால் சின்னச் சின்னக் கிண்ணங்களில் சாயப் பொருட்கள். சப்பாத்திக் கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சியை உள்ளங்கையில் நசுக்கினார், ரத்தச் சிவப்பாக வந்தது. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டதும் கண் முன்னால் ஆரஞ்சு நிறமாக மாறியது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காலனி காலத்தில் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போன சிவப்பு அது. அந்தக் கை அதை ஒரு நொடியில் செய்துவிட்டது.

அவர் எத்தனை நாளாக அந்தத் துணியை நெய்கிறார் என்று கேட்டேன். அவர் வாயைத் திறந்தார். "ஒரு மாதம்" என்று கடைக்காரர் பதில் சொல்லிவிட்டார். அந்தக் கோலத்துக்கு என்ன பெயர் என்று அக்கா கேட்டாள். அதற்கும் கடைக்காரரே பதில் சொன்னார். அந்த அம்மா தன் மொழியில், கெச்சுவாவில், மெதுவாக என்னவோ சொன்னார். யாரும் மொழிபெயர்க்கவில்லை. ஸ்வெட்டர் குளிர்கிறதா என்பதை இரண்டு மொழியில் இரண்டு முறை சொன்ன அந்த அறையில், நெய்கிறவர் சொன்னதை ஒரு மொழியில்கூட ஒரு முறை சொல்ல ஆள் இல்லை. எல்லோரையும் விலைச்சீட்டு இருக்கும் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஐம்பத்தைந்து நிமிடத்தில் அந்த அம்மாவுக்குக் கிடைத்தது நான்கு நிமிடம்.

யாரும் எதுவும் வாங்கவில்லை. ஒரு பெண் மட்டும் கையுறை வாங்கினார். அதனால் இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்க மஞ்சள் வெயில் ஏறி, அப்புறம் மெல்ல மெல்ல வடிந்தது. அந்தக் கடையிலிருந்து சக்சாய்வாமன் வேனில் கொஞ்ச நேரப் பயணம்தான். அந்த வெயில் அந்தச் சுவர்களின் மேலும் விழுந்திருக்கும். நாங்கள் அங்கே நின்றிருக்கலாம்.

வழிகாட்டிக்கு இதில் கமிஷன் உண்டு, சம்பளம் போதாது என்று வேனில் ஒருவர் எனக்குச் சமாதானம் சொன்னார். இருக்கட்டும். அந்தப் பணத்தை டூர் கட்டணத்தில் சேர்த்து முதலிலேயே கேளுங்கள், சந்தோஷமாகத் தருகிறேன். என் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், என் வெயிலை எடுக்காதீர்கள்.

நாளைக்குத் திரும்பப் போய் நிதானமாகப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். டிக்கெட் அப்படி. நாங்கள் எடுத்தது அந்த நான்கு இடத்துக்கும் சேர்த்து 70 சோல் (சோல்தான் பெருவின் பணம்), ஒரு நாளைக்குத்தான் செல்லும். பத்து நாள் செல்லும் 130 சோல் டிக்கெட்டும் இருக்கிறது. அதிலும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தடவைதான், வாசலில் ஓட்டை போட்டுவிடுவார்கள். ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான். வழிகாட்டி கை தட்டினார் என்பதற்காக அந்த ஓட்டையை யாரும் அடைத்துத் தர மாட்டார்கள்.

மறுபடி டிக்கெட் எடுப்பது என்று முடிவு செய்தேன். அக்காவை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில், அவள் போதும் என்று சொல்லும்வரை நிற்க வைக்காமல் இந்த ஊரை விட்டுக் கிளம்புவதில்லை. கையில் சோல் தீர்ந்துவிட்டது, அதனால் வேனிலிருந்து இறங்கினதும் நேராகப் பணம் மாற்றப் போனோம். நூறு டாலர் நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஓரத்தை விரலால் தடவினார். அப்புறம் என் பக்கம் தள்ளிவிட்டார்.

கிழிசலாம். எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அவர் நகத்தால் காட்டினார். மேல் ஓரத்தில், ஒரு எள் அளவுக்கு. அடுத்த கடைக்குப் போனோம், அதே பதில். அதற்கடுத்த கடையிலும் அதே பதில். நல்ல நோட்டு, மடிக்காமல் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்த நோட்டு! இதே ஊரில் நாலணா பெறாத கந்தல் சோல் நோட்டை என்னிடம் மூன்று பேர் சில்லறையாகத் தள்ளியிருக்கிறார்கள், நான் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். நான்காவது கடையில் அந்த ஆள் நோட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த உயரத்தில் சிரித்தால் மூச்சு நின்றுவிடும், நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். "தொட்டுப் பார்க்கச் சொல்லு, குளிர்ச்சியாக இருக்கிறதா என்று கேளு" என்கிறாள்.

நோட்டு இப்போது மேசை மேல் இருக்கிறது. நானும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன். கிழிசல் இருக்கத்தான் செய்கிறது. காலையில் ஐந்தாவது கடை.