நிசேயாவில் ஓட்டுப் போட்டு யாரும் இயேசுவைக் கடவுளாக்கவில்லை

கி.பி. 325-இல் கான்ஸ்டன்டைன் என்ற ரோமப் பேரரசன் நிசேயா என்ற ஊரில் ஆயர்களை (பிஷப்புகளை)க் கூட்டி, ஓட்டெடுப்பு நடத்தி, அதுவரை சாதாரண மனிதராக இருந்த இயேசுவைக் கடவுளாக்கினானாம், பைபிளையும் அங்கேயே தொகுத்தார்களாம். இந்தக் கதை மறுபடி ஒரு சுற்று வந்துகொண்டிருக்கிறது. மதத்தை விமர்சிப்பதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை, தாராளமாக விமர்சிக்கட்டும். ஆனால் இந்தக் கதை கிட்டத்தட்ட முன்னூறு வருட வரலாற்றை ஒரே மூச்சில் விழுங்கிவிடுகிறது.

பைபிளின் கிறிஸ்தவப் பகுதியான புதிய ஏற்பாட்டைத் திறந்தால் மத்தேயு முதலில் வருவதால் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நற்செய்திகள்தான் முதலில் எழுதப்பட்டவை என்று பலரும் நினைக்கிறார்கள். ஆரம்பகாலக் கிறிஸ்தவப் போதகரான பவுலின் கடிதங்கள் அவற்றைவிடப் பழையவை, பெரும்பாலும் கி.பி. 50-களில் எழுதப்பட்டவை. இயேசுவுக்குத் தண்டனை விதித்த ரோம ஆளுநர் பிலாத்து யூதேயாவை ஆண்டது 26 முதல் 36 வரை, இயேசு சிலுவையில் அறையப்பட்டது 30 அல்லது 33 வாக்கில். அப்படியென்றால் இடைவெளி இருபது, இருபத்தைந்து வருடம்தான். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல், கிறிஸ்து நம் பாவங்களுக்காக இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார், சீடர் பேதுருவுக்கும் மற்றவர்களுக்கும் காட்சி தந்தார் என்று அடுக்கிவிட்டு, இது நானாகச் சொல்வதில்லை, எனக்குச் சொல்லப்பட்டதைத்தான் உங்களுக்குச் சொன்னேன் என்கிறார். அதாவது அவர் எழுத உட்காரும்போதே அது பழைய சரக்கு. பிலிப்பியர் கடிதத்தில் ஒரு பாடல் வருகிறது, பவுலுக்கு முன்பே பாடப்பட்டது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. கடவுள் தன்மையில் இருந்தவர் தன்னை வெறுமையாக்கி அடிமைக்கோலம் எடுத்தார், சிலுவைச் சாவு வரை போனார், எல்லா முழங்கால்களும் அவர் பெயருக்கு மடங்கும் என்கிறது அந்தப் பாடல். முழங்கால் மடங்கும் என்ற அந்த வரி, யூதர்களின் வேதநூலான ஏசாயாவில் இஸ்ரயேலின் ஒரே கடவுள் தன்னைப் பற்றிச் சொல்வது! கடவுள் ஒருவரே என்று தினமும் ஓதி வளர்ந்த யூதர்கள், ரோமர்கள் அடிமைகளையும் கலகக்காரர்களையும் கொல்கிற முறையில் கொல்லப்பட்ட ஒருவருக்கு அந்த வரியைச் சூட்டியிருக்கிறார்கள். ஏன் என்பதுதான் உண்மையிலேயே குடைய வேண்டிய கேள்வி, அந்தக் காலத்தில் கான்ஸ்டன்டைன் பிறக்கவே இல்லை.

வெளியாள் சாட்சி வேண்டுமா? 112 வாக்கில் பித்தினியா என்ற ரோம மாகாணத்தின் ஆளுநர் பிளினி பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடிவதற்கு முன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகக் கருதிப் பாடுகிறார்கள் என்று தெரிவிக்கிறார்.

சரி, அப்படியானால் நிசேயாவில் என்னதான் சண்டை? அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் என்ற குரு, மகனாகிய இயேசு உலகத்துக்கு முன்பே இருந்தவர்தான், ஆனால் தந்தையாகிய கடவுளால் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது என்றார். எதிர்த்தரப்பு, இல்லை, தந்தையைப் போலவே தொடக்கம் இல்லாதவர் என்றது. இயேசு வெறும் மனிதர் என்ற கட்சி அந்த விவாதத்தில் இல்லை. எந்தெந்த நூல் பைபிளில் சேரும் என்பதையும் அங்கே முடிவு செய்யவில்லை, இன்றுள்ள 27 நூல்களின் பட்டியல் அப்படியே முதலில் கிடைப்பது 367-இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய கடிதத்தில். மன்னன் சொன்னதும் எல்லாம் அடங்கிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. அதே கான்ஸ்டன்டைனுக்கு 337-இல் சாகும் தறுவாயில் ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியுஸின் ஆதரவாளர், நிசேயாவுக்காக நின்ற அத்தனாசியுஸ் ஐந்து முறை துரத்தப்பட்டார், 381-இல் கான்ஸ்டான்டினோபிளில் ஆயர்கள் கூடிய சங்கம் வரை இழுபறிதான்.

இதைப் படித்துவிட்டு சில போதகர்கள் சந்தோஷப்படுவார்கள், அவசரப்பட வேண்டாம். எல்லாம் முதல் நாளே முழுசாக இருந்தது என்று அவர்கள் சொல்வதும் கதைதான். தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற திரித்துவத்தை இன்று சொல்கிற வடிவில் சொல்வதற்குத் தலைமுறைகள் பிடித்தன. ஆரம்பத்தில் இது யூத மதத்துக்குள்ளேயே ஓர் இயக்கம், யூதரல்லாதவர் சேர்ந்தால் விருத்தசேதனம் (ஆணுறுப்பின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) வேண்டுமா, அவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிடலாமா என்று அடித்துக்கொண்டார்கள். அந்தியோகியாவில் பேதுருவை முகத்துக்கு நேராகவே எதிர்த்தேன் என்று பவுல் கலாத்தியர் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

விமர்சகர்களுக்கு ஒரு யோசனை. நம்பிக்கையைக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் உயிர்த்தெழுதலைக் கேளுங்கள், கிறிஸ்து எழவில்லை என்றால் உங்கள் நம்பிக்கை வீண் என்று பவுலே வாசலைத் திறந்து விட்டிருக்கிறார். அதிகாரத்தைக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் 325-ஐ விட்டுவிட்டு 380-க்கு வாருங்கள், ரோமப் பேரரசன் தியோடோசியுஸ் நிசேயா நம்பிக்கையை அரச மதமாக்கிய வருடம் அது. அடுத்த ஐந்தாறு வருடங்களுக்குள் பிரிசில்லியன் என்ற ஆயர், சக ஆயர்கள் கொடுத்த புகாரின் பேரில், ட்ரியர் நகரில் இன்னொரு கிறிஸ்தவப் பேரரசனின் ஆணையால் கொல்லப்பட்டார். குற்றச்சாட்டு மாந்திரீகம். அவரைக் கொல்லக் கூடாது என்று மன்னனிடம் வாதாடியவரும் ஓர் ஆயர்தான், தூர் நகரத்து மார்ட்டின்.