ஆவாரம்பூ டீயில் ஆவாரம்பூ எவ்வளவு?

சென்ற மாதம் அக்கா வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ‘ஆவாரம்பூ டீ’ கொடுத்தார். மாலை நான்கு மணிக்கு மேல் டீ குடித்தால் எனக்குத் தூக்கம் வராது. ஆனாலும் பூ ஊறிய வெந்நீர்தானே என்று குடித்துவிட்டேன். இரண்டு மணி வரை புரண்டு படுத்துவிட்டு, எழுந்து போய் அந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் முழுக்க மஞ்சள் பூ. பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில், முதல் சேர்மானம் கிரீன் டீ.

கிரீன் டீ என்றாலே ஏதோ மூலிகை என்று பலரும் எண்ணுகிறார்கள். குன்னூர்ச் சரிவுகளில் நிற்கும் அதே தேயிலைச் செடியின் (கமேலியா சினென்சிஸ்) கொழுந்துதான் அதுவும். கொழுந்தை வாட்டி, நசுக்கி, காற்றுப்பட விட்டால் அதிலுள்ள நொதி வேலை செய்து இலை கறுக்கிறது; நாம் வழக்கமாகக் குடிக்கும் டீ அதுதான். பறித்த கையோடு ஆவியிலோ வாணலியிலோ சூடேற்றி அந்த நொதியை முடக்கிவிட்டால் பச்சை நிறம் தங்குகிறது; அது கிரீன் டீ. பக்குவம்தான் வேறு, தூக்கத்தைக் கெடுக்கும் காஃபீன் இரண்டிலும் உண்டு. துளசியிலும் செம்பருத்தியிலும் அது கிடையாது.

“சுக்குக் காபியில் மட்டும் காபி இருக்கிறதா?” என்று அக்கா மடக்கினார். நியாயமான கேள்விதான். ஆனால் அதில் காபிக்கொட்டை இருப்பதாக நம்பி எவரும் ஏமாந்ததில்லை. இந்த டப்பாவை வாங்குகிறவருக்கோ உள்ளே தேயிலை இருக்கிறதா இல்லையா என்பதே தெரிவதில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய குறை வேறொன்று. டீ என்று சொல்லிவிட்டால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் குடிக்கலாம் என்றாகிவிடுகிறது; கஷாயம் என்றிருந்தால் எத்தனை வேளை, எத்தனை நாள் என்று கேட்டிருப்போம். அதிமதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: அதிலுள்ள கிளிசிரைசின் தொடர்ந்து மிகுதியாகச் சேர்ந்தால் பொட்டாசியம் குறைந்து இரத்த அழுத்தம் ஏறும். ஏற்கெனவே இரத்தக்கொதிப்பு உள்ளவர் ‘அதிமதுர டீ’யை மூன்று வேளையும் குடிப்பது விளையாட்டல்ல.

தயாரிக்கும் முறையும் இந்தப் பெயரால் கெடுகிறது. தேயிலையை நெடுநேரம் கொதிக்கவிட்டால் துவர்த்துப்போகும். சுக்கு போன்ற காய்ந்த சரக்கோ, இடித்துப்போட்டுக் கொதித்து வற்றினால்தான் சாரம் இறங்கும். அதைச் சின்னப் பையில் அடைத்து மூன்று நிமிடம் முக்கி எடுத்தால் வாசனைதான் மிச்சம். சித்த மருத்துவத்தில் இப்படிக் காய்ச்சி வற்றவைப்பதற்குக் குடிநீர் என்றே பெயர். டெங்குக் காய்ச்சல் பரவியபோது நிலவேம்புக் குடிநீர் என்றுதான் கேட்டு வாங்கிக் குடித்தோம். அந்தச் சொல் யாருக்கும் விளங்காமல் போகவில்லை.

அக்கா அந்த டப்பாவைக் காலைக்கு மாற்றிவிட்டார். இரவில், மாடியில் உலர்த்திய ஆவாரம்பூவை மட்டும் வெந்நீரில் போட்டு மூடி வைக்கிறார். அவர் பேத்தி அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘பூத்தண்ணி’.