வரிசையைப் பார்க்காத அனோவா போதாது
நெல்லுக்கு இட்ட நான்கு தழைச்சத்து அளவுகளை ஒப்பிட்ட அனோவாவில் (பல குழுக்களின் சராசரிகள் வேறுபடுகின்றனவா என்று பார்க்கும் சோதனை) பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இந்த அளவு வேறுபாடு தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு) 0.05-ஐத் தாண்டியதால் உரத்துக்குப் பலனில்லை என்று இங்கே பேசப்படும் ஆய்வுக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஹெக்டேருக்கு 0, 40, 80, 120 கிலோ என்ற பெயர்களை நான்கு குழுக்களுக்கும் எப்படி மாற்றிப் போட்டாலும் அனோவா கணக்கிடும் எஃப் மதிப்பு அப்படியேதான் இருக்கும். உரம் கூடக் கூட மகசூல் கூடுகிறதா என்பதுதான் கேள்வி என்றால் டெர்ப்ஸ்ட்ரா (1952), ஜான்கீர் (1954) தந்த வரிசைச் சோதனையைச் செய்திருக்க வேண்டும். நான்கு குழுக்களுக்குச் சாத்தியமான 24 வரிசைகளில் ஒன்றையே குறிவைப்பதால், சீரான சிறு ஏற்றமும் அதில் பிடிபட வாய்ப்பு அதிகம். மேலே கருத்திட்ட ஒருவர் இதை முடிவை வளைக்கும் வேலை என்கிறார். தரவைப் பார்த்த பிறகு வரிசையைத் தீர்மானித்தால் அவர் சொல்வது சரி. நாற்று நடும் முன்பே எழுதி வைத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அப்புறம், தழைச்சத்து மிஞ்சினால் நெற்பயிர் சாய்ந்து மகசூல் இறங்கும். அந்த அளவு வரை போகும் ஆய்வுக்கு, ஏறி இறங்கும் போக்கைச் சோதிக்கும் மேக்-உல்ஃப் முறைதான் (1981) பொருந்தும்.