பெரிய ஆட்களை முதலில் எடுங்கள்

அமெரிக்கன் ஃபுட்பாலில் நல்ல குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், கையில் இருக்கிற அணி, கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டின் முதல் ரவுண்டில் லைன்மேனைத்தான் எடுக்க வேண்டும். குவார்ட்டர்பேக்கைக் காக்கிற டேக்கிளாக இருக்கலாம், எதிரணிக் குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பிடிக்கிறவராக இருக்கலாம். கோட்டின் மேல் நின்று முகத்துக்கு முகம் மோதுகிற பெரிய உடம்புக்காரராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பந்தைப் பிடிக்கிற ரிசீவரும் பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக்கும் அதற்குப் பிறகு. சின்சினாட்டி பெங்கால்ஸ் ரசிகனாக 2021 ஏப்ரலில் இதற்காக நண்பர்களோடு மல்லுக்கு நின்றேன். அன்று அணி எடுத்த ரிசீவர் ஜமார் சேஸ் அதன் பிறகு செய்த சாதனைகளையெல்லாம் கண்ணாரப் பார்த்துக் கைதட்டிய பிறகும் என் கட்சி மாறவில்லை. ஏன் என்று இன்று விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

அமெரிக்கன் ஃபுட்பால் பக்கம் வராதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். டிராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் மாதிரி இல்லை. ஏலத்தில் பையில் பணம் இருந்தால் யாரும் கையைத் தூக்கலாம். இங்கே 32 அணிகளும் வரிசையில் நிற்க வேண்டும். போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்குக் கடைசி வாய்ப்பு, இப்படி ஏழு ரவுண்டு. கல்லூரியிலிருந்து வருகிற பையனின் சம்பளம் அவன் எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டான் என்பதைப் பொறுத்தது, எந்த இடத்தில் ஆடுகிறான் என்பதைப் பொறுத்ததல்ல. 2010இல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு 50 மில்லியன் டாலர் உத்தரவாதமாகவே கிடைத்தது. அடுத்த ஆண்டு புதிய தொழிலாளர் ஒப்பந்தம் வந்தது. 2011இல் முதல் ஆளான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்தே 22 மில்லியன்தான். ஆக, இப்போது முதல் ரவுண்டில் தப்பான ஆளை எடுத்தால் பெரிதாகப் பணம் போகாது. அந்த இடத்தில் எடுத்திருக்கக்கூடிய நல்ல ஆள் போய்விடுவான். அதுதான் நிஜமான நஷ்டம்.

இப்போது சின்சினாட்டிக்கு வருகிறேன்.

2020 டிராஃப்டில் முதல் ஆளாக ஜோ பரோவை எடுத்தோம். ஒஹாயோவில் வளர்ந்த பையன், எல்எஸ்யூ கல்லூரிக்குத் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவன். நவம்பர் 22ஆம் தேதி வாஷிங்டனில் பந்தை எறிந்த அந்த நொடியில் எதிரணி ஆட்கள் வந்து மோத, இடது முழங்காலின் தசைநார்கள் கிழிந்தன. முதல் சீசன் அதோடு முடிந்தது. அன்று அவன் முன்னால் நின்ற லைன் எப்படிப்பட்ட லைன் என்று பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

அந்த சீசன் 4 வெற்றி, 11 தோல்வி, ஒரு டிரா என்று முடிந்ததால் 2021இல் ஐந்தாவது வாய்ப்பு எங்களுக்கு. ஒரு பக்கம் பெனே சீவல். ஒரிகன் கல்லூரியின் டேக்கிள், ஆறடி ஐந்து அங்குலம், 150 கிலோ, வயது இருபதுதான். இன்னொரு பக்கம் ஜமார் சேஸ். எல்எஸ்யூவில் பரோவின் பந்தைப் பிடித்து ஓடிய அதே சேஸ். ஊரே இரண்டாகப் பிரிந்தது. சேஸ் கட்சிக்காரர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருவரும் ஏற்கெனவே பழகிய ஜோடி. அதோடு, முதல் ரவுண்டில் லைன்மேன் எடுத்து பெங்கால்ஸ் சூடு பட்ட அணி. 2015இல் செட்ரிக் ஒக்பூஹி, 2018இல் பில்லி பிரைஸ், இருவருமே தேறவில்லை. "லைன்மேனை நம்பி ஏமாந்தது போதும், பந்து பிடிக்கிறவனை எடு" என்றார்கள்.

சேஸை எடுத்தார்கள். இரண்டு வாய்ப்பு தள்ளி டெட்ராய்ட் லயன்ஸ் சீவலைத் தூக்கிக்கொண்டு போனது.

சேஸைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். முதல் சீசனிலேயே பந்தைப் பிடித்து 1,455 யார்டு, 13 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது), சிறந்த புதுமுக விருது. கேன்சஸ் சிட்டிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 266 யார்டு. அன்றைக்கு வீட்டில் நான் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தார்கள். அணி லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரை போனது. "பார்த்தாயா, யார் சொன்னது சரி?" என்று நண்பர்கள் கேட்டார்கள். இன்றும் கேட்கிறார்கள்.

என் பதில் அந்த சூப்பர் பௌலின் கடைசி நிமிடத்தில் இருக்கிறது. 2022 பிப்ரவரி, லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் 23, நாங்கள் 20. ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. பந்து ராம்ஸின் 49 யார்டு கோட்டில், நான்காவது டவுன், அதாவது நான்கு முயற்சிகளில் கடைசி, பந்தைத் தக்கவைக்க வேண்டியது ஒரே ஒரு யார்டு. அந்த ஆட்டத்தை மறுபடி பார்ப்பவர்கள் பந்தைப் பார்க்காதீர்கள், ராம்ஸின் டிஃபென்சிவ் டேக்கிள் ஏரன் டொனால்டைப் பாருங்கள். பந்து நகர்ந்ததும் எதிரே நிற்கும் எங்கள் லைன்மேனின் கையைத் தட்டிவிட்டு உள்ளே நுழைகிறார். பரோ பின்காலை ஊன்றி நிமிர்வதற்குள் இடுப்பைப் பிடித்துச் சுழற்றிவிடுகிறார். விழுந்துகொண்டே பரோ விசிறிய பந்து யார் கைக்கும் எட்டாமல் தரையில் போய் விழுகிறது. இப்போது திரையின் மேல் பக்கம் பாருங்கள். தன்னைத் தடுக்க நின்ற ஜேலன் ராம்சியைத் தாண்டி, முன்னால் ஒருவரும் இல்லாமல், சேஸ் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறார். உலகின் தலைசிறந்த ரிசீவர் வெட்டவெளியில் இருக்கிறார், அவருக்குப் பந்தை அனுப்ப ஒரு வினாடி இல்லை.

அன்று பரோ ஏழு முறை சாக் ஆனார், அதாவது பந்தை எறியும் முன்பே பிடித்து வீழ்த்தப்பட்டார். அதற்கு முன் டென்னசியோடு நடந்த ஆட்டத்தில் ஒன்பது முறை. வழக்கமான சீசனில் 51 முறை, லீகிலேயே அதிகம். இத்தனை அடியோடு அவர் எங்களை அந்த மைதானம் வரை கூட்டிக்கொண்டு போனது அவருடைய நெஞ்சுரம். அதை அணி நிர்வாகத்தின் புத்திசாலித்தனமாகக் கணக்கு எழுத என்னால் முடியாது.

அதே ஆட்டத்தில் ராம்ஸ் பக்கம் இரண்டு பேரைக் கவனியுங்கள். வெற்றி டச்டவுனைப் பிடித்து ஆட்ட நாயகன் ஆன கூப்பர் கப், 2017இல் மூன்றாவது ரவுண்டில் எடுக்கப்பட்ட ரிசீவர். இடது டேக்கிளாக நின்ற ஆண்ட்ரூ விட்வொர்த் யார்? பதினோரு சீசன் பெங்கால்ஸுக்காகவே நின்றவர். ஒக்பூஹி இருக்கிறாரே என்று 2017இல் அவரைப் போகவிட்டோம். நாற்பது வயதில், எங்களுக்கு எதிராகவே நின்று, கோப்பையோடு போனார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெங்கால்ஸ் மொத்தம் மூன்றே முறை சூப்பர் பௌல் போயிருக்கிறது. முதல் இரண்டு முறையும் இடது டேக்கிள் ஆன்டனி முன்யோஸ். 1980 டிராஃப்டில் மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்டவர். கல்லூரியில் முழங்கால் அறுவை சிகிச்சைகளைப் பார்த்தவர் என்று பயப்படாமல் எடுத்தார்கள். பின்னால் ஹால் ஆஃப் ஃபேம் போனார். இந்த அணியின் சொந்த வரலாறே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

சரி, சேஸை எடுத்தாயிற்று. இரண்டாவது ரவுண்டிலாவது லைனைச் சரிசெய்திருக்கலாம் இல்லையா? 38ஆவது வாய்ப்பிலிருந்து 46க்கு இறங்கி ஜாக்சன் கார்மன் என்ற லைன்மேனை எடுத்தார்கள். அவர் நிலைக்கவே இல்லை. அதற்குப் பதினேழு இடம் தள்ளி, 63ஆவதாக, கேன்சஸ் சிட்டி கிரீட் ஹம்ஃப்ரியை எடுத்தது. இன்று லைனின் நடுவில் நிற்கிற சென்டர்களில் லீகின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் காயத்தில் சிதறிய லைனோடு ஆடி, சூப்பர் பௌலில் 31-9 என்று தோற்றிருந்தது கேன்சஸ் சிட்டி. அவர்களின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய ஆட்டம் அது. ஆறாவது ரவுண்டில் டிரே ஸ்மித் என்ற லைன்மேனையும் எடுத்து, ஒரே கோடையில் அந்த லைனைப் புதிதாகக் கட்டினார்கள். நோய் எது என்று தெரிந்த அணி அப்படித்தான் வைத்தியம் பார்க்கும்.

டெட்ராய்ட் என்ன செய்தது? முதல் ரவுண்டில் சீவல். நான்காவது ரவுண்டில், 112ஆவதாக, அமோன்-ரா செயின்ட் பிரவுன் என்ற ரிசீவர். இன்று அவர் லீகின் முன்னணி ரிசீவர்களில் ஒருவர், சீவல் முதல் தர ஆல்-புரோ, அதாவது லீகின் ஆண்டுச் சிறந்த அணியில் இடம் பெற்றவர். 2021இல் மூன்றே ஆட்டம் ஜெயித்த அணி 2024இல் பதினைந்து ஜெயித்தது. "டெட்ராய்ட் இன்னும் சூப்பர் பௌலே போகவில்லையே" என்பீர்கள். உண்மை. 2024இல் எங்கே சறுக்கியது? குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பிடிக்கிற எய்டன் ஹட்சின்சன் அக்டோபரில் கால் எலும்பு முறிந்து வெளியே போனார். எதிரணிக் குவார்ட்டர்பேக்கை நெருக்க ஆள் இல்லாமல் வாஷிங்டனிடம் 45 புள்ளி கொடுத்துத் தோற்றார்கள். அதுவும் என் பக்க சாட்சிதான்.

என் வாதத்தின் மையம் இதுதான்: எந்த இடம் முக்கியம் என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. எந்த இடத்துக்கான ஆட்கள் எப்போது தீர்ந்துபோகிறார்கள் என்று கேட்க வேண்டும். 150 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு, பின்பக்கமாகக் கால் வைத்து, வெளியே சுற்றி வருகிற ஓட்டக்காரனுக்கு ஈடாக நகரக்கூடிய மனிதர்கள் உலகத்திலேயே சிலர்தான். அவர்கள் முதல் நாற்பது வாய்ப்புக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடுவார்கள். ரிசீவர் அப்படி இல்லை. கப் மூன்றாவது ரவுண்டு, செயின்ட் பிரவுன் நான்காவது, புகா நகுவா ஐந்தாவது. எங்கள் டீ ஹிக்கின்ஸே இரண்டாவது ரவுண்டுதான். ராம்ஸுக்கு எதிரான அந்த சூப்பர் பௌலில் எங்களுக்காக இரண்டு டச்டவுன் பிடித்தவர் அவர். 2021 ஏப்ரலில் ஹிக்கின்ஸும் டைலர் பாய்டும் ஏற்கெனவே எங்களிடம் இருந்தார்கள். பந்து பிடிக்க ஆள் இல்லாத அணி இல்லை அது.

ரன்னிங் பேக் பற்றி நீட்ட மாட்டேன், சேக்வான் பார்க்லி ஒருவர் போதும். 2018இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் இரண்டாவது ஆளாக எடுத்தது. 2023இல் அங்கே 962 யார்டு. அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குப் போய் 2,005 யார்டும் சூப்பர் பௌல் கோப்பையும். அதே கால்கள்தான், முன்னால் வழி திறந்த ஆட்கள்தான் வேறு.

அந்த ஈகிள்ஸின் பட்டியலைப் பாருங்கள்: 2010இல் பிராண்டன் கிரஹாம், 2012இல் ஃபிளெச்சர் காக்ஸ், 2013இல் லேன் ஜான்சன், 2022இல் ஜோர்டன் டேவிஸ், 2023இல் ஜேலன் கார்ட்டர். எல்லாரும் முதல் ரவுண்டு, எல்லாரும் லைன். 2025 பிப்ரவரி சூப்பர் பௌலில் ஈகிள்ஸ் கேன்சஸ் சிட்டியின் மஹோம்ஸ் மேல் ஒரு முறைகூடக் கூடுதல் ஆளை ஏவவில்லை. நான்கு பேரை மட்டும் வைத்தே ஆறு முறை சாக் செய்து 40-22 என்று ஜெயித்தார்கள். உடனே ஜோர்டன் மைலாட்டா பெயரைச் சொல்வீர்கள், தெரியும். ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிவிட்டு ஏழாவது ரவுண்டில் வந்து இடது டேக்கிள் ஆனவர். ஆனால் ஜெஃப் ஸ்டவுட்லேண்ட் மாதிரி ஒரு பயிற்சியாளர் கையில் அவர் முதல் ஆட்டத்தைத் தொடங்கவே 2020 ஆனது. சின்சினாட்டியில் அந்தப் பொறுமையும் இல்லை, பரோவின் உடம்புக்கு அந்த அவகாசமும் இல்லை.

குவார்ட்டர்பேக் இல்லாத அணிக்கு வேறு கதை, அதில் எனக்குத் தகராறு இல்லை. அவர்கள் குவார்ட்டர்பேக்கைத் தேடித்தான் ஆக வேண்டும், அது எத்தனை முறை கையைச் சுட்டாலும். 2021இல் முதல் பதினைந்து வாய்ப்புக்குள் ஐந்து பேர் போனார்கள். டிரெவர் லாரன்ஸைத் தவிர மற்ற நால்வரும் மூன்றே ஆண்டுக்குள் வேறு அணிக்குக் கைமாறிவிட்டார்கள்.

கடைசியாகப் பணம். 2025 மார்ச்சில் சேஸுக்கு நான்கு ஆண்டுக்கு 161 மில்லியன், ஹிக்கின்ஸுக்கு 115 மில்லியன். பரோவுக்கு ஏற்கெனவே ஐந்து ஆண்டுக்கு 275. சராசரி போட்டால் மூவருக்கு மட்டும் ஆண்டுக்கு 124 மில்லியன் வருகிறது. அந்த ஆண்டு மொத்த அணிக்குமான சம்பள உச்சவரம்பே 279.2 மில்லியன். மீதியில் ஐம்பது பேரைப் பார்க்க வேண்டும். சீவலின் ஒப்பந்தம் ஆண்டுக்கு 28 மில்லியன். 2024 சீசனை நினைத்துப் பாருங்கள். பரோ 4,918 யார்டு எறிந்து லீகில் முதலிடம். சேஸ் பிடித்த பந்துகள், யார்டு, டச்டவுன் மூன்றிலும் முதலிடம். நாங்கள் 33 புள்ளியோ அதற்கு மேலோ எடுத்தும் தோற்ற ஆட்டங்கள் நான்கு: 38-33, 41-38, 35-34, 44-38. அந்த 35-34 ஆட்டத்தில் சேஸ் 264 யார்டு எடுத்திருந்தார். எதிரணியைத் தடுத்து நிறுத்த எங்களால் முடியவில்லை. 9-8 என்று முடித்து வீட்டுக்குப் போனோம்.

2020இல் முழங்கால், 2023இல் மணிக்கட்டு, 2025இல் கால் பெருவிரல். இப்படியொரு குவார்ட்டர்பேக் ஒரு ஊருக்குத் தலைமுறைக்கு ஒருவர் கிடைப்பார், அவரின் நல்ல வயதை அறுவை சிகிச்சை மேசையில் செலவழித்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த டிராஃப்டில் எங்கள் முறை வரும்போது வேகமாக ஓடுகிற பையனின் வீடியோ எல்லார் கையிலும் சுற்றும். நானும் பார்ப்பேன், எனக்கும் பிடிக்கும். ஆனாலும் என் ஓட்டு உள்ளே புகுந்து இடிக்கிற டிஃபென்சிவ் டேக்கிளுக்கு. அவர் இல்லையென்றால் ஓரத்திலிருந்து பாய்கிற ஒருவருக்கு. அவரும் இல்லையென்றால் இன்னொரு ஒஃபென்சிவ் லைன்மேனுக்கு. ரிசீவர் வேண்டுமென்றால் மூன்றாவது ரவுண்டுக்குப் பிறகு பேசலாம்.

மறுப்பவர்கள் கீழே எழுதுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன்: சேஸை எடுத்தது சரி என்றே வைத்துக்கொள்வோம், 46ஆவது இடத்தில் ஹம்ஃப்ரியை விட்டதற்கு உங்களிடம் என்ன பதில் இருக்கிறது?