பிரான்சில் ஆங்கிலச் சொல் பேசினால் அபராதமா?

“பிரான்சில் பேச்சில் ஆங்கிலம் கலந்தால் அபராதம்; அதனால்தான் மக்கள் தூய பிரெஞ்சு பேசுகிறார்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

1994-ஆம் ஆண்டின் தூபோன் சட்டம் விளம்பரம், பொருட்களின் பயன்பாட்டுக் குறிப்பு, வேலை ஒப்பந்தம் போன்றவற்றில்தான் பிரெஞ்சைக் கேட்கிறது. ஆங்கிலச் சொற்களுக்குப் பதிலாக அரசு பரிந்துரைக்கும் பிரெஞ்சுச் சொற்களைத் தனியார் மீது திணிக்க முடியாது என்று அதே ஆண்டு ஜூலையில் அரசியல் சாசன மன்றமே சொல்லிவிட்டது. காரணம், பேச்சுரிமை. உதாரணமாக, ‘மெயில்’ வேண்டாம், ‘கூரியேல்’ என்ற பிரெஞ்சுச் சொல்லே போதும் என்று 2003-இல் அரசிதழில் வந்தது. அப்புறமும் அலுவலகங்களில் ‘மெயில்’ சகஜம். ‘வீக்கெண்ட்’, ‘பார்க்கிங்’ எல்லாம் அகராதியிலேயே இருக்கின்றன. ஆங்கில விளம்பரத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் உண்டுதான், அது அவரவர் விருப்பம்.

சட்டத்தை லெஜிஃபிரான்ஸ் என்ற அரசுத் தளத்தில் படிக்கலாம். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.