ஏழடிப் பாதை வெறும் பிடிவாதமா?

லண்டன் – பிரிஸ்டல் ரயில் பாதை பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அதைக் கட்டிய பொறியாளர் புரூனெல் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே ஏழடி விட்டுப் போட்ட அகலப் பாதையை 'வெறும் பிடிவாதம்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டதை ஏற்க முடியவில்லை. 1841-இல் பாதை முழுதாகத் திறந்த பிறகு, வேகத்தில் அதற்கு ஈடுகொடுக்க மற்ற கம்பெனிகள் திணறின. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மற்றவர்கள் பெரும்பாலும் 4 அடி 8½ அங்குலத்தில் பாதை போட்டுவிட்டார்கள். இரண்டும் சந்தித்த குளோஸ்டரில் சரக்கையெல்லாம் இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. உடையாமல் போய்ச் சேர்ந்தால் புண்ணியம்!

அகலப் பாதை கடைசியில் 4 அடி 8½ அங்குலத்துக்கு மாறியதைக் கட்டுரை தொடவே இல்லை. 1892 மே மாதம், ஒரே வார இறுதியில், எக்ஸெட்டருக்கு மேற்கே மிஞ்சியிருந்த அகலப் பாதையை 4,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாற்றி முடித்தார்கள். அதற்கும் புரூனெலின் அமைப்பே பல இடங்களில் கைகொடுத்தது. தண்டவாளத்துக்கு அடியில் நீளவாட்டில் மரம். இரு பக்க மரங்களையும் பிணைக்கக் குறுக்குச் சட்டம். சட்டத்தை அறுத்து, ஒரு பக்கத் தண்டவாளத்தை மரத்தோடு உள்ளே நகர்த்தினால் போதும். இதே லண்டன் – பிரிஸ்டல் பாதையில், மெய்டன்ஹெட்டில் அவர் கட்டிய தட்டையான செங்கல் வளைவுப் பாலத்தின் மேல் இன்றும் விரைவு ரயில்கள் போகின்றன, அதையும் எழுதியிருக்கலாம்.